நோஞ்சான் பையன் யோகா குரு ஆனது எப்படி?

"நமக்கு உடம்பு வளையாது சார், யோகா எல்லாம் சரிப்படாது" என்று ஒதுங்குபவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவர்களுக்காகவே பாடம் நடத்தியவர் யோகா குரு பி.கே.எஸ்.அய்யங்கார். காரணம், அவரே ஒரு காலத்தில் உடம்பு வளையாத நோயாளி!

கர்நாடக மாநிலம் பெல்லூரில் 1918-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி பிறந்தவர் அய்யங்கார். அப்போது விஷக்காய்ச்சல் உலகையே ஆட்டிப்படைத்த நேரம். தாயாருக்கும் அந்தக் காய்ச்சல். குழந்தை குச்சி போன்ற கை, கால்களுடன் பிறந்தது. பிறகு மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வாட்டி எடுத்தன. 9 வயதில் தந்தையும் இறந்து விட்டார்.

1934-ம் ஆண்டு மைசூருக்குப் போனார். அங்கு அரண்மனை யோகா ஆசிரியராக இருந்த அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகா கற்றார். குனிந்தால் விரல் காலைத் தொடாது. வலியோடு போராடித்தான் உடம்பைத் தேற்றினார்.

பட்டினியோடு பயிற்சி

1937-ல் புனேவுக்கு யோகா சொல்லித்தரப் போனபோது வயது 18. வருமானம் சரியாக இல்லை. பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. ஆனாலும் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார்.

1952-ல் பிரபல வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் மும்பை வந்தார். அசதியில் தவித்த அவர், அய்யங்காருக்கு 5 நிமிடம்தான் ஒதுக்கினார். சந்திப்போ 3 மணி நேரத்தைத் தாண்டியது! மெனுஹின் அழைப்பின் பேரில் 1954-ல் அய்யங்கார் சுவிட்சர்லாந்து சென்றார். பிறகு உலகம் முழுக்க சீடர்கள் சேர்ந்தனர்.

துண்டு, நாற்காலி போதும்

அவர் பாணி என்ன? உடம்பை ஆசனத்துக்காக முறிக்கக் கூடாது, ஆசனத்தை உடம்புக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும் என்பதுதான்.

பக்கவாட்டில் சாயும்போது கை தரையைத் தொடவில்லையா? கட்டையை வைத்து அதன் மேல் ஊன்றலாம். காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் எட்டவில்லையா? பாதத்தில் பெல்ட்டைச் சுற்றி இரு முனைகளையும் பிடிக்கலாம். பெல்ட் வாங்கக் காசு இல்லாவிட்டால் வீட்டுத் துண்டே போதும். வயதானவர்களுக்கு நாற்காலி, சுவர், மடித்த போர்வை.

இப்படித் தாங்கல் கொடுத்தால் தசை இறுகாது. மூச்சு திணறாது. அதே நிலையில் அதிக நேரம் இருக்க முடியும்.

வகுப்பில் ஆள் ரொம்பக் கறார். முட்டி கொஞ்சம் கோணினாலும் சத்தம் போடுவார், தட்டித் திருத்துவார். ஒரு பக்கம் சாய்ந்து செய்தால் பாரம் மூட்டிலும் முதுகிலும் ஏறும் என்பதால்தான் அந்தக் கண்டிப்பு.

1979-ல் நடந்த ஸ்கூட்டர் விபத்தில் அவருக்கே முதுகெலும்பில் அடி. அப்போதும் சோர்ந்து விடவில்லை. சின்னச்சின்ன ஆசனமாக மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

2014-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், அதே ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி 95 வயதில் புனேயில் காலமானார். பிழைப்பதே கஷ்டம் என்று நினைத்த அந்தக் குழந்தைதான் இது!

முதுகுவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, தெரிந்த ஆசிரியரிடம் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. வளையாத உடம்பு ஒரு தடையே இல்லை.