கண்ணை இழுக்கும் திரை

மறைமலை நகர் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகளும், சரக்கு லாரிகளும், இருசக்கர வண்டிகளும் விரைகின்றன. சாலையைக் கடக்கப் பள்ளிப் பிள்ளைகள் காத்து நிற்கின்றனர். இவ்வூரிலிருந்த போர்டு ஆலையில் 1999 முதல் 2022 வரை கார்கள் உருவாயின. அந்த ஆண்டுகளுக்குள் காரின் உட்புறமே மாறிவிட்டது. திருகு குமிழ்கள் இருந்த இடத்தில் இன்று ஒளிரும் திரை அமர்ந்திருக்கிறது. ஓட்டுபவரின் கண் சாலையில் நிற்குமா, திரைக்குத் தாவுமா? இஃது உயிர் பற்றிய வினா.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 2 வினாடிகளில் 33 மீட்டரைக் கடந்துவிடும். ஆகவேதான் அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் கார்த் தயாரிப்பாளருக்கு ஒரு நெறியை வகுத்தளித்தது. அதன்படி, கருவியை நோக்கும் ஒரு பார்வை பொதுவாக 2 வினாடிக்கு மேல் நீடிக்கலாகாது. ஒரு பணிக்கான பார்வை முழுவதும் 12 வினாடிக்குள் அடங்க வேண்டும்.

கண் எங்கே செல்லும் என்று முன்னரே அறிய இயலுமா? ஓரளவு இயலும். நம் விழியின் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகக் காண்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்குமளவே அதன் பரப்பு. எனவே கண் வினாடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறுகிறது. நிறம், ஒளி, கோட்டின் சாய்வு ஆகியவற்றால் சூழலினின்று வேறுபட்டுத் தெரியும் இடங்களைக் கணித்துக் காட்டும் முறையை இட்டி, காக், நீபர் என்னும் அறிஞர் மூவர் 1998-இல் வெளியிட்டனர். பின்னர், மனிதர் படங்களைப் பார்க்கும்போது அவர்தம் விழியசைவைப் பதிவுசெய்து, அதைக் கொண்டே கணிப்பொறியைப் பயிற்றுவித்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2015-இல் உருவாக்கிய ‘டீப்ஃபிக்ஸ்’ இவ்வகையைச் சார்ந்தது.

ஆயினும் இக்கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு. ரஷ்ய அறிஞர் யார்பஸ், ஓவியர் ரேபின் தீட்டிய குடும்பக் காட்சி ஒன்றைக் காட்டி, பல வினாக்களைத் தொடுத்தார். இவர்களின் வயது என்ன என்றபோது பார்த்தவரின் கண் முகங்களை நாடிற்று. செல்வநிலை என்ன என்றபோது ஆடைகளையும் அறையிலிருந்த பொருள்களையும் நாடிற்று. ஓவியம் ஒன்றே, தேடல் மாறியதால் பார்வையின் வழியும் மாறியது.

வாசக அன்பர்களே, ஓட்டுபவரைக் காக்க உதவும் இதே அறிவு, விளம்பரத்தை எங்கே வைத்தால் கண் சிக்கும் என்பதற்கும் உதவுகிறது. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் மின்னும் சிவப்புப் புள்ளியும் கண்ணை இழுக்கவே அங்கு நிற்கிறது. காரை எடுக்குமுன்னரே செல்லும் வழியைத் திரையில் குறித்துவிடுவோம். கைப்பேசியைப் பிள்ளையிடம் தருமுன், “எதைப் பார்க்கப் போகிறாய், கண்ணா?” என்று கேட்போம். தேடுவது இன்னதென்று அறிந்த கண், இழுத்த பக்கமெல்லாம் எளிதில் போய்விடாது.