தலையில் கட்டும் சிறுவிளக்கு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, அந்தச் சிறு சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம்.

இன்று ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய விளக்கை இலாஸ்டிக் பட்டியால் தலையில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மண்வெட்டி பிடிக்கலாம். சந்தையில் இவை பல வகையாகக் கிடைக்கின்றன. எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று ஐந்து வருடம் உழைக்கும். இன்னொன்று முதல் மழையிலேயே அணைந்துவிடும்.

இது எங்களுக்குச் சிறிய விடயமல்ல. பழகிய வளவில் இருட்டிலும் கால் வழி அறியும். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் வரம்பும் புதிது, கிணறும் புதிது, ஒற்றையடிப் பாதையும் புதிது. குத்தகைக் காணியில் தண்ணீர் முறை இரவில் வந்தால் இரவில்தான் போக வேண்டும். கண்ணாடிப் புடையன் பெரும்பாலும் காலில்தான் கடிக்கிறது. வயலிலும் பாதையிலும் மிதிபடும்போது கடிக்கிறது. எனவே விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதைவிட, காலடியைக் காட்டுகிறதா என்பதே எங்கள் கேள்வி.

விளக்கை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்கு சரிந்து எரிகாயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். அவர் குட்டையான, பாரமான, உருளாதபடி இரு பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள ‘சுதீப’ விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விளக்கு எரியும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. விழும்போது என்ன நடக்கும் என்றும் பார்த்தார். நாங்களும் ஒரு சிறிய தலைவிளக்கை எடுத்து, அதே கண்ணோடு சில இரவுகள் பாவித்துப் பார்த்தோம்.

அணிவதற்கு இதமா?

கடையில் ஒரு நிமிடம் கட்டிப் பார்த்தால் எல்லா விளக்கும் இதமாகவே இருக்கும். குனிந்து பார்க்க வேண்டும். நாற்று நடுவதுபோலக் குனிந்து, தலையை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். பட்டி வழுக்கி, விளக்கு மூக்குக்கு இறங்கினால் வேண்டாம். எங்கள் விளக்கு உலர்ந்த நெற்றியில் அசையாமல் நின்றது. வியர்த்ததும் இறங்கத் தொடங்கியது. நெற்றியில் ஒரு துணியைக் கட்டி அதன்மேல் அணிந்தபோது சரியாகியது.

பாரம் முழுவதும் முன்பக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் நெற்றி நோகும். சிறிய விளக்கின் நன்மை இதுதான்: பற்றரியோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருந்தால் பாரம் தெரியாது. பெரிய பற்றரி உள்ளதாயின் அந்தப் பெட்டி தலையின் பின்பக்கம் இருப்பது நல்லது. பட்டி கழற்றித் துவைக்கக்கூடியதா என்றும் பாருங்கள்.

உறுதியாகச் செய்யப்பட்டதா?

முதலில் பழுதாகும் இடம், விளக்கை மேலும் கீழும் சரிக்கும் மூட்டு. அதைப் பத்துத் தடவை சரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ‘டிக்’ என்று நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால், நடக்கும்போது வெளிச்சம் தானாகவே கீழே விழும்.

இரண்டாவது, தண்ணீர். பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்றிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்பது பொருள். மழைக்கும் வியர்வைக்கும் இது போதும். ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். எதுவும் எழுதியிராவிட்டால், பற்றரி மூடியைச் சுற்றி இறப்பர் வளையம் இருக்கிறதா, சார்ஜ் ஏற்றும் துவாரத்துக்கு மூடி உண்டா என்று பாருங்கள்.

மூன்றாவது, பற்றரி. பெருவிரலளவு தடித்த லித்தியம் கலத்தை 18650 என்பார்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்த எண். நல்ல உற்பத்தியாளர்களின் கலங்கள் பெரும்பாலும் 2000 முதல் 3500 மில்லி அம்பியர் மணி வரை கொள்ளும். அதன்மேல் 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். கழற்றி மாற்றக்கூடிய பற்றரி உள்ள விளக்கே எங்களுக்கு ஏற்றது. உள்ளே ஒட்டிவைத்த பற்றரி செத்தால் விளக்கும் செத்ததுதான்.

ஓர் எச்சரிக்கை: லித்தியம் பற்றரியைப் பாயிலோ, கிடுகு வேலிக்கு அருகிலோ வைத்து, நித்திரைக்குப் போகும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள். கொட்டில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். சீமெந்துத் தரையில், கண்முன்னே ஏற்றுங்கள். வீங்கிய பற்றரியைப் பாவிக்க வேண்டாம்.

வெளிச்சம் எப்படி விழுகிறது?

பெட்டியில் ‘லுமன்’ என்று ஓர் எண் இருக்கும். அது விளக்கிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை அது சொல்லாது. ‘100 மீற்றர்’ என்று எழுதியிருந்தால் 100 மீற்றரில் பாம்பைக் காணலாம் என்று எண்ண வேண்டாம். 2009 இல் வெளியான எஃப்.எல். 1 என்ற அளவுமுறைப்படி, முழுநிலவின் வெளிச்சமளவுக்குக் குறையும் தூரமே அந்த எண். நேரக் கணக்கும் அப்படியே. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறையும்வரை ‘எரிகிறது’ என்றே கணக்கிடுவார்கள்.

எனவே இருட்டில் சுவருக்கு முன் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று போட்டுப் பாருங்கள். நடுவில் கண் கூசும் ஒரு பொட்டும் சுற்றிலும் இருளுமாக இருந்தால், அது தூரம் பார்க்கச் செய்யப்பட்டது. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதற்கும், ஆட்டுக்குக் குழை கட்டுவதற்கும், சமைப்பதற்கும் விரிந்து ஒரே சீராக விழும் வெளிச்சம் வேண்டும். நீலம் கலந்த வெள்ளையைவிடச் சற்று மஞ்சளான வெளிச்சம் நல்லது. வைக்கோல், சருகு, மண் ஆகியவற்றின் நிறவேறுபாடு அதில் நன்கு தெரியும். பூச்சிகளும் குறைவாக வரும்.

பாவித்தபோது நாங்கள் கண்ட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. விளக்கு கண்ணுக்கு அருகில் இருப்பதால், பொருள்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தெரிகின்றன. சருகோடு சருகாகக் கிடக்கும் பாம்பும் அப்படியே தப்பிவிடும். அதே விளக்கைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்தபோது, ஒவ்வொரு கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழுந்து, பாதை தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே ஒரு பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்போம்: வேலை செய்யும்போது விளக்கு தலையில், பாதையில் நடக்கும்போது விளக்கு கையில், இடுப்பளவில். மற்றக் கையில் ஒரு தடி. காலில் சப்பாத்து.

விளக்கு பாம்பைத் துரத்தாது, யானையையும் துரத்தாது. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

விலை கூடிய விளக்குத்தான் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. குனிந்து பாருங்கள், மூட்டைச் சரித்துப் பாருங்கள், சுவரில் போட்டுப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் கடைக்காரர் இடம் தராவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். கஷ்டப்பட்டு உழைத்த காசு அது. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் எங்கள் பிள்ளைகளும் இருட்டில் கால் வைக்கப் போகிறார்கள்.