கூலிக்கு வாங்கும் சிபாரிசு

விருதுநகர் மண்டியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து பத்து மூட்டை துவரம் பருப்பைக் கடனுக்குக் கேட்டால், "இங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்?" என்பதுதான் முதலாளியின் முதல் கேள்வி. நாணயமான ஒரு கடைக்காரர் "கொடுக்கலாம், நல்ல பார்ட்டி" என்று சொன்னால் சரக்கு ஏறிவிடும். கூலிக்கு நூறு பேரை அழைத்து வந்து சொல்ல வைத்தால் ஏறாது.

கூகுள் தேடுபொறியும் இந்த வழக்கத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் வகுத்து 1998ல் வெளியிட்ட முறை அது. ஓர் இணையதளம் இன்னொன்றுக்கு 'லிங்க்' கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்பவர் மதிப்புள்ளவரானால் அதற்குக் கூடுதல் எடை. இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் லிங்க்கின் எடை முற்றிலும் போய்விடவில்லை.

சிவகாசி வியாபாரிகளுக்கு இது பெரிய விஷயம். பட்டாசு விளம்பரத்தைக் கூகுள் ஏற்பதில்லை. எனவே பணம் கட்டி மேலே வர வழியில்லை. இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவும் 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கடையின் முகவரி, லைசென்ஸ், ரக விவரம் இவற்றை வெளியூர்க்காரர் கண்ணில் படவைக்கத்தான் இணையதளம். போதாக்குறைக்குப் போலித் தளங்கள் வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் பட்டாசுத் தளங்களைப் பற்றி 2024 தீபாவளிக்கு முன் தமிழக சைபர் கிரைம் போலீசார் எச்சரித்ததை நாம் அறிவோம்.

இந்த நெருக்கடியில்தான் ஏஜெண்டுகள் வருகிறார்கள். "ஆயிரம் லிங்க் போட்டுத் தருகிறேன், முதல் பக்கம் கியாரண்டி" என்கிறார்கள். நம்மவர்கள் சிலர் பணமும் கட்டிவிட்டார்கள். பட்டாசுக்கும் மளிகைக்கும் சம்பந்தமே இல்லாத ஏதேதோ தளங்களில் லிங்க் தொங்குகிறது!

பெரிய முதலாளிகளே இதில் சிக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்கு இப்படி ஆயிரக்கணக்கான லிங்க் இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பெட்டி வகை ஒன்றில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தண்டனை சுமார் மூன்று மாதம் நீடித்தது. நமக்குப் புரட்டாசியில் அப்படி விழுந்தால் எழுந்திருக்க மார்கழி ஆகிவிடும். வருஷ வியாபாரமே அந்த ஒரு மாதத்தில் அல்லவா இருக்கிறது?

2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற பெயரில் இதற்கென்றே தனி ஏற்பாடு வந்தது. 2016க்குப் பின் அது பெரும்பாலும் போலி லிங்க்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். கட்டிய பணம் வீண். அத்துமீறல் பெரிதானால் கூகுள் ஊழியரே பார்த்துத் தண்டிப்பதும் உண்டு. அதன் அறிவிப்பு 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கணக்கில் வரும். அறிவிப்பு வந்தவர்கள் முதலில் ஏஜெண்டைப் பிடித்து லிங்க்குகளை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாதவற்றை 'இவை வேண்டாம்' என்று பட்டியலிட்டுக் கொடுக்க 2012 அக்டோபர் முதல் வசதி இருக்கிறது. பிறகு மறுபரிசீலனை மனு. அறிவிப்பு வராதவர்கள் இந்தப் பட்டியலைத் தொடாமல் இருப்பதே மேல். நல்ல லிங்க்கும் சேர்ந்து போய்விடும்.

லிங்க் வேண்டுமானால் தெரிந்தவர்களிடம் கேட்பதில் என்ன வெட்கம்? நாம் சரக்கு எடுக்கும் கம்பெனியின் டீலர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா, சங்க உறுப்பினர் பட்டியலில் தள முகவரி ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். மளிகைக்காரர்கள் வத்தல், மல்லி, உளுந்தின் வார விலையைத் தவறாமல் போட்டு வந்தால் வெளியூர்த் தளங்கள் தாமாகவே சுட்டிக்காட்டும். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகைகள் காசு வாங்கிக்கொண்டா போடுகின்றன?

பட்டாசுக் கடைக்காரர்கள் இந்த வேலையைச் சித்திரையிலேயே தொடங்கிவிட வேண்டும். ஆடி பிறந்தால் தலை நிமிர நேரம் இருக்காது.