மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ ஆன்டெனா: 20 அடி பைப் போதும், கரண்டு கம்பி பக்கம் போனால் உயிர் போகும்!

நாகப்பட்டினம்,

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. கரண்டு போனது. செல்போனும் ஊமையாகிப் போனது. சொந்த பந்தம் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பதுதான் ஹாம் ரேடியோ. இதற்கு செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு ரேடியோ, மேலே ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தன் குழுவினருடன் அந்தமானில் போர்ட்பிளேரில் இருந்தார். வெளியுலகத் தொடர்பு அறுந்த தீவுகளில் இருந்து தகவல் அனுப்ப அவர்களுடைய ரேடியோ பெரிதும் உதவியது.

"டவர் கட்ட லட்சக்கணக்கில் செலவாகுமே" என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

உயரமான டவர் எதற்கு?

ரேடியோ அலைகளில் இரண்டு ரகம் உண்டு. கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி மாதிரியான செட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலை வரும். இது நேர்கோட்டில் போகும். கட்டிடம், மேடு குறுக்கே வந்தால் மங்கிவிடும். இதற்கு உயரம் அவசியம். ஆன்டெனா சின்னதுதான். சுமார் 49 செ.மீ. கம்பி ஒன்றை நிமிர்த்தி வைத்தாலே வேலை நடக்கும்.

இன்னொன்று 7 மெகாஹெர்ட்ஸ் அலை. இது வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, பந்து மாதிரி திரும்பி பூமிக்கு வரும். ஆன்டெனா தாழ்வாக இருந்தால் அலை நேராக மேலே போய், சுற்றியுள்ள மாவட்டங்களிலேயே இறங்கும். பகலில் நாகையில் இருந்து மதுரை, சேலம், சென்னையுடன் பேச இதுவே வசதி. 30 அடி உயரம் தாராளம்!

ஒரு மாடி இல்லாத வீட்டின் மொட்டை மாடி தரையில் இருந்து 10 அடிக்கு மேல் இருக்கும். அதில் 20 அடி ஜி.ஐ. பைப் ஒன்றை நிறுத்தினால் 30 அடி வந்துவிட்டது.

கணக்கு இதுதான்

143-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு சுமார் 20 மீட்டர். அதை நடுவில் வெட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டர், அதாவது 33 அடி. இரண்டு பக்கமும் சாதாரண செம்பு ஒயர்தான்.

நடுப்பகுதியை பைப் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் கூரை மாதிரி சாய்வாக இறக்க வேண்டும். முனைகள் தரையில் இருந்து 10 அடி உயரத்தில் இருந்தால் மொத்தம் 52 அடி இடம் போதும். பேசும்போது முனைகளில் வோல்டேஜ் அதிகம் இருக்கும். தொட்டால் தோல் வெந்துவிடும். அதனால் கை எட்டாத உயரத்தில், கடைசியில் இன்சுலேட்டர் போட்டு, கயிற்றால் கட்ட வேண்டும்.

தென்னை மரத்தில் கட்டினால் காற்றில் மரம் ஆடும்போது ஒயர் அறுந்துவிடும். மரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் நுனியில் செங்கல்லைத் தொங்க விட்டால் ஆட்டத்துக்கு ஏற்றபடி நீளும், சுருங்கும்.

கேபிள் டி.வி. ஒயர் 75 ஓம். ஹாம் ரேடியோ 50 ஓம் கேபிளைக் கேட்கும். கடையில் கேட்டு வாங்குங்கள். ஒயரைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்து சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மீட்டர் 1.5-க்குக் கீழே வந்தால் சரி.

சாயாமல் நிற்க...

பைப்பை மூன்று பக்கமும் ஸ்டே கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். கைப்பிடிச் சுவரில் கட்டாதீர்கள். புயல் காற்றில் சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். தூண், பீம் உள்ள இடத்தில் கொக்கி அடிப்பதுதான் சரி. நைலான் கயிறு வெயிலில் பொடிந்துவிடும். கடலோர உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன், செப்டம்பரிலேயே ஒருமுறை எல்லா முடிச்சு, நட்டு, போல்ட்டையும் பார்த்துவிட வேண்டும்.

உயிரைக் குடிக்கும் கரண்டு கம்பி

ஆன்டெனா கட்டுவதில் பெரிய ஆபத்து உயரத்தில் இல்லை. பக்கத்தில் போகும் கரண்டு கம்பியில்தான் இருக்கிறது. தெருவில் போகும் லைனில் 11 ஆயிரம் வோல்ட் ஓடலாம். அதில் பைப் பட்டால் பிடித்தவர் பிழைப்பது கஷ்டம்.

பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஒயர் அறுந்து விழுந்தாலும் கரண்டு கம்பியில் படக்கூடாது. கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது வேண்டும். 20 அடி பைப் என்றால் குறைந்தது 30 அடி. ஆன்டெனா ஒயரை கரண்டு கம்பிக்கு மேலேயோ கீழேயோ கொண்டு போகவே கூடாது. அவ்வளவு இடம் இல்லையா? அந்த வீட்டில் ஆன்டெனா வேண்டாம்.

பைப் தூக்கும்போது மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒருவர் கரண்டு கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பைப் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு ஓடுங்கள். பைப் போனால் போகிறது! யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் உடனே மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்த வேண்டும்.

இடி மின்னலுக்கும் முன்னேற்பாடு வேண்டும். பைப்பை தடித்த செம்புக் கம்பியால் எர்த் செய்ய வேண்டும். வானம் இருட்டும்போதே கேபிளை ரேடியோவில் இருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி கேட்ட பிறகு அதைத் தொடக்கூடாது.

லைசென்ஸ் கட்டாயம்

ஹாம் ரேடியோவில் பேச மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தரும் லைசென்ஸ் வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். லைசென்ஸ் இல்லாமல் பேசினால் குற்றம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம், அடுக்குமாடி என்றால் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையம் பக்கத்தில் என்றால் உயரத்துக்கு அனுமதி தேவையா என்று விசாரித்த பிறகே கம்பம் நட வேண்டும்.

அக்கம்பக்கத்தார் "செல்போன் டவரா?" என்று சண்டைக்கு வந்தால் கோபப்படாதீர்கள். பட்டனை அழுத்திப் பேசும்போது மட்டும்தான் இதில் இருந்து அலை போகும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த புயலில் அவர்கள் வீட்டு சேதியும் அந்த ஒயர் வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருக்கும்.