பாடக்கூடாத பெட்டி

வீணையின் குடம் பலாமரத்திற் குடையப்படுகின்றது. மிருதங்கத்தின் கட்டையும் பெரும்பாலும் பலாவே. தந்தியும் தோலும் அதிரும்போது மரமும் உடன் அதிர்வதனால் அவ்வாத்தியங்களின் நாதம் செழுமை பெறுகின்றது. இதனை அறிந்தவர், ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்யப் புகும்போதும், நன்றாக அதிரும் பெட்டியே நல்ல பெட்டி என்று எண்ணிவிடுதல் இயல்பு. உண்மையோ இதற்கு நேர்மாறானது. மோட்டார் வண்டியின் பின்புறத்தில் வைக்கப்பட்டு, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் 'சப்வூபர்' என்னும் ஒலிபெருக்கியின் பெட்டி தானாகப் பாடக்கூடாது. பாடுவது கூம்பின் வேலை. காற்றை அடக்கி வைத்திருப்பதே பெட்டியின் வேலை. இவ்வேறுபாட்டை உணராதவர், உழைத்துச் சேர்த்த பணத்தில் விலையுயர்ந்த ஒலிபெருக்கியை வாங்கியும், தகரம் தட்டும் ஓசையையே கேட்க நேரிடுகின்றது.

பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருக்கமுறுகின்றது. அதே கணத்தில் பின்புறத்துக் காற்று ஐதாகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான அலைகள். செக்கனுக்கு 40 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். இத்துணை நீண்ட அலைக்குச் சிறு கூம்பின் விளிம்பு ஒரு தடையன்று. பின்னலை எளிதில் வளைந்து முன்னே வந்து, முன்னலையை அழித்துவிடுகின்றது. பெட்டியில் வைக்காத ஒலிபெருக்கி மெலிந்து ஒலிப்பதன் காரணம் இதுவே. பின்னலையைச் சிறைப்படுத்துவதே பெட்டியின் முதற் கடமை.

அதற்கு இன்னொரு கடமையும் உண்டென்பதைச் செயலிற் காட்டியவர் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர். தாழ்ந்த ஒலி வேண்டுமாயின் மிகப் பெரிய பெட்டி வேண்டும் என்பதே அதுவரை இருந்த கருத்து. 1954ஆம் ஆண்டில் அவரும் ஹென்றி குளொஸ் என்பவரும் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தொடங்கிய நிறுவனம், சிறிய பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டியது. கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அடைத்த பெட்டிக்குள் அகப்பட்ட காற்றையே அதற்கு வில்லாக்கினார் வில்ச்சர். துணியாலும் இறப்பராலும் ஆன வில்லிலும் காற்றுவில் சீராக இயங்கும். வண்டியின் பின்னறையில் அடங்கும் அடைப்புப் பெட்டிகள் இத்தத்துவத்தின் வழிவந்தவையே.

மற்றொரு வகை, குழாய் பொருத்திய துளைப்பெட்டி. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழுவதுபோல, குழாயினுள் இருக்கும் காற்றுக்கும் ஒரு குறித்த சுருதி உண்டு. அச்சுருதியை அண்டிய ஒலிகள் வலுப்பெறும். ஆனால் அதற்குக் கீழே கூம்பு கட்டுப்பாடின்றி ஆடிச் சேதமுறக்கூடும். ஆதலால் இவ்வகைக்குக் கணக்கு மிக நுட்பமாக அமைய வேண்டும். 1961இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல் வெளியிட்ட ஆய்வும், 1970களில் றிச்சட் சிமோல் அதனை விரித்தமையும் அக்கணக்கிற்கு அடிப்படையாயின. முதன்முறை செய்பவருக்கு அடைப்புப் பெட்டியே உகந்தது. சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும். அன்றியும், மூடிய வண்டியின் சிற்றறை மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தானே ஓரளவு உயர்த்துவதால், அடைப்புப் பெட்டியின் குறை அங்கே பெரிதும் ஈடுசெய்யப்படுகின்றது.

பெட்டியின் கொள்ளளவை ஒலிபெருக்கியோடு வரும் தாளிற் காணலாம். 28 லீற்றர் வேண்டும் எனக் கொள்வோம். உள்ளளவு 40 சென்ரிமீற்றர் அகலமும் 35 உயரமும் 22 ஆழமும் ஆயின், பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 30.8 லீற்றர் வரும். ஒலிபெருக்கியின் பின்பாகமும் உட்சட்டங்களும் சேர்ந்து 2.8 லீற்றர் இடத்தை அடைத்துக்கொள்ளின், மிஞ்சுவது 28. பலகையின் கனம் 18 மில்லிமீற்றராயின், வெளியளவுகள் ஒவ்வொன்றுக்கும் 3.6 சென்ரிமீற்றர் கூட்ட வேண்டும். இதனை மறந்து வெளியளவையே கணக்கிற் கொள்வது பலர் விடும் பிழை.

பலகைகளில், எம்.டி.எப். எனப்படும் நார்ப்பலகை கனமும் ஒருசீரும் உடையது, விலையும் மலிவு. ஆயினும் ஈரம் பட்டால் வீங்கிவிடும். நீர் ஒழுகும் பின்னறைக்கும் ஈரலிப்பு மிக்க இடத்துக்கும் நல்ல ஒட்டுப்பலகை பொருந்தும். அது இலேசும் உறுதியும் உடையது. எதுவாயினும் 18 மில்லிமீற்றருக்குக் குறைதல் நன்றன்று. ஒலிபெருக்கியைத் தாங்கும் முன்பலகையை இருமடங்கு கனமாக்கலாம். அகன்ற பக்கங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இட்டால் அதிர்வு அடங்கும். நார்ப்பலகையை அறுக்கும்போது எழும் நுண்தூள் சுவாசத்துக்குத் தீங்கானது. முகமூடியின்றி அறுத்தல் கூடாது.

மூட்டுகளைப் பிணைப்பது பசையே. திருகாணி பசை காயும்வரை பலகையைப் பிடித்திருக்கும் துணை மட்டுமே. முன்னதாகச் சிறுதுளை இடாது ஆணியைத் திருகினால் நார்ப்பலகையின் விளிம்பு பிளந்துவிடும். பசை காய்ந்தபின் உள்மூலைகள் யாவற்றிலும் சிலிக்கன் பூசி, அது முற்றாகக் காய்ந்த பின்னரே ஒலிபெருக்கியைப் பொருத்த வேண்டும். ஈரச் சிலிக்கனின் ஆவி அதன் பாகங்களைக் கெடுக்கக்கூடும். பொருத்தியபின் கூம்பை இரு கைகளாலும் மெல்ல உள்ளே அழுத்தி விட்டுப் பார்க்கலாம். கைக்கு எதிர்ப்புத் தெரிந்து, கூம்பு மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாதது. எங்கேனும் 'சீ' என்ற ஓசை கேட்டால் அங்கே மூட்டு வாய்திறந்துள்ளது.

இரண்டு காரியங்களிற் கவனக்குறைவு உயிருக்கும் செவிக்கும் ஊறு விளைப்பது. இருபது கிலோ எடையுள்ள பெட்டி கட்டப்படாது கிடப்பின், மோதல் நேரும்போது தன் எடையைப் பன்மடங்கு விஞ்சிய விசையோடு முன்னே பாயும். பின்னாசனத்தில் இருப்பது பெரும்பாலும் குழந்தைகள். ஆகவே பெட்டியை வண்டியின் உலோக உடலோடு திருகிப் பிணைத்தல் வேண்டும். மற்றது, தாழ்ந்த ஒலியை மனிதச் செவி மந்தமாகவே உணர்கின்றது என்பது. அது போதாதென்று எண்ணி ஒலியைக் கூட்டுபவர், ஏனைய ஒலிகளையும் ஊறு செய்யும் அளவுக்கு உயர்த்திவிடுகின்றார். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற் கேட்டல் தகாது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒலி மிக மிக, இக்கால எல்லையும் விரைந்து குறுகும்.

நல்ல பெட்டியைக் கேட்பவர் பெட்டியை மறந்துவிடுவர். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்காரம் மட்டுமே அவர்தம் செவியை எட்டும். அக்கும்காரத்துக்குத் தன்னுடையது எதனையும் சேர்க்காதிருப்பதே தச்சன் பெட்டிக்குக் கற்பிக்கவேண்டிய பாடம்.