உபதேசியாருக்கு உலை வைப்பது யார்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. வேதாகமக் கல்லூரி ஒன்றிலிருந்து சபைக்குக் காணிக்கைக் கவர் வந்திருக்கிறது. கொடுக்கலாமா, கொடுத்தால் அந்தப் பணம் எங்கே போகும் என்று கேட்கிறீர்கள். குன்றத்தூர், படப்பை, ஒரகடம் பக்கத்துச் சபைகளில் கம்பெனி வேலைக்காக வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். சம்பளம் வந்ததும் தசமபாகத்தை எடுத்து வைக்கிறவர்கள் அவர்களில் பலர். ஆனால் ஒரு போதகர் எங்கே, யார் செலவில் உருவாகிறார் என்று பேச நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுங்கள். ஆனால் கவரைப் போட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள்; அந்தப் பள்ளியோடு பழகிக் கொடுங்கள். காரணம் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க 1716-ல் ஒரு பள்ளி தொடங்கினார். அந்த மிஷனுக்குப் பணம் வந்த வழிகள் மூன்று: டென்மார்க் அரசர், ஜெர்மனியின் ஹாலே நகரத்து நண்பர்கள், லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டார்கள். அவற்றை வாசித்தவர்கள் காசு அனுப்பினார்கள். 1733-ல் ஆரோன் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் போதகரானபோது, தமிழ் மண்ணையே பார்த்திராத எத்தனையோ பேருடைய காணிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. அதை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனால் பணம் கடல் தாண்டி வந்ததால் கணக்கும் கடல் தாண்டியே போனது. யாரைப் படிக்க வைப்பது, எந்த ஊருக்கு அனுப்புவது என்பதில் சபையாருக்கு அதிகம் பேச்சில்லை.

இதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் வே. ச. அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது முன்னின்றவர் அவர். ஆளும் நம்முடையவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதே அந்தச் சங்கத்தின் அடிப்படை. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டாரிடம் அவர் கேட்டது நட்பை. உதவி மட்டும் போதாது, எங்களைச் சமமாக உட்காரவைத்துப் பழகுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அங்கே கிராம உபதேசியார்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய மனைவிமாரையும் சேர்த்தே படிக்க வைத்தார். கிராமத்தில் போய் நிற்கப்போவது ஒரு குடும்பம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் மேல்நாட்டாரிடம் கேட்ட அந்த நட்பை, இன்று கொடுக்கிற இடத்தில் இருக்கும் நாம் நம்முடைய பள்ளிகளுக்குத் தர வேண்டாமா?

இனி நடைமுறைக்கு வருவோம். போதகர்களை உருவாக்கும் பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. 1818-ல் மிஷனரி கேரியும் அவருடைய தோழர்களும் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் அரசர் 1827-ல் சாசனமாகத் தந்தார். 1918-ல் வங்காளச் சட்டம் அதை உறுதிசெய்தது. மதுரை அரசரடியில் 1969-ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னை கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியும் அந்தச் செராம்பூர் பட்டத்துக்குத்தான் மாணவரைத் தயார்செய்கின்றன. வேறு அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளும் உண்டு. தாங்களே சான்றிதழ் தருகிற சிறிய வேதாகமப் பள்ளிகளும் உண்டு. சிறியது என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். என்ன பாடம், யார் ஆசிரியர், படித்தவர்கள் இப்போது எங்கே ஊழியம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலே அந்தப் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லும்.

பணம் எதற்குத் தேவை? விடுதிச் சாப்பாடு, ஆசிரியர் சம்பளம், நூலகம், களப்பணிக்குப் போய்வரும் செலவு. படிக்க வருகிறவர்களில் பலர் எளிய வீட்டுப் பிள்ளைகள்; அவர்கள் கட்டுகிற கட்டணத்தில் இவ்வளவும் நடக்காது. புதுக் கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும், அதனால் அதற்குக் கொடுக்க ஆள் கிடைக்கும். மெஸ் பில்லுக்குக் கல்வெட்டு கிடையாது. ஆகவே உங்கள் சபை மெஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கட்டும். ஒரு தடவை பெரிய தொகை தருவதைவிட, மாதாமாதம் தவறாமல் வரும் சின்னத் தொகையை நம்பித்தான் ஒரு பள்ளி அடுத்த வருடம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று முடிவுசெய்ய முடியும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அப்படி வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் தம்பி இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால் ஆகும். இன்னொன்று: முழுக்க மதப்பணிக்கான அமைப்புக்குத் தருவதில் நன்கொடைக்கான வருமானவரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ரசீதையும் தணிக்கை செய்த கணக்கையும் தயங்காமல் கேளுங்கள். நேர்மையான பள்ளிக்கு அது சங்கடம் அல்ல.

கணக்கு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும் என்றேன். மேலே சொன்ன மதுரை இறையியல் கல்லூரியில் மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே வந்து, குடிசைப் பகுதியிலும் கிராமத்திலும் மக்களோடு தங்கிப் படிப்பது பாடத்தின் ஒரு பகுதி. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், ‘ஒரு உலை’ என்பதைத் தன் இறையியலின் மையமாக வைத்தார். அவரவர் அரிசியைக் கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு, சாதி பார்க்காமல் ஒன்றாக உண்பது. போதகர் பள்ளியைத் தாங்குவதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. உலையில் அரிசி போட்டவர் பந்தியிலும் உட்காருகிறார்.

அப்படி உட்கார்ந்து நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். இங்கே வரப்போகும் போதகருக்கு ஷிஃப்ட் வேலை என்னவென்று தெரிய வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து ஞாயிறு காலையில் தூங்குகிறவரை விசுவாசமில்லாதவர் என்று அவர் எண்ணிவிடக் கூடாது. காண்ட்ராக்ட் தொழிலாளியின் பயமும், ஹாஸ்டலில் தங்கி அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்பிள்ளையின் தனிமையும், ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவரின் பேச்சும் அவருக்குப் பழக வேண்டும். சேக்கிழார் பிறந்த இந்தக் குன்றத்தூர்ப் பக்கத்தில் மற்ற சமயத்தாரோடு மரியாதையாகப் பேசவும் அவர் கற்றிருக்க வேண்டும். இவற்றை ஒரு கல்லூரி தன் வளாகத்துக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. கோடை விடுமுறையில் ஒரு மாணவரை இங்கே அனுப்பச் சொல்லுங்கள். தங்க இடமும் சாப்பாடும் சபை தரட்டும். பெண் மாணவர்களுக்கும் அதே இடம் கொடுங்கள். உங்கள் சபையிலேயே வேலையை விட முடியாத ஓர் இளைஞருக்குப் படிக்க ஆசை என்றால், பெங்களூரில் 1971 முதல் இயங்கும் டாஃப்டி என்ற அமைப்பைப் போல, வேலையிலிருந்தபடியே இறையியல் படிக்கும் வழிகள் இருக்கின்றன. அவருக்குக் கட்டணம் கட்டுவதும் இதே ஊழியம்தான்.

எனவே கவரில் முதல் மாதத் தொகையை வையுங்கள். கூடவே ஒரு கடிதமும் வையுங்கள்: எங்கள் ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு.