வீட்டு மேசையா, அலுவலக மேசையா?



மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து சற்றுத் தொலைவில், அண்மையில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு வீட்டின் முன்னறையில் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்திருந்தேன். சுவர்களுக்கு இன்னும் வர்ணம் பூசப்படவில்லை. ஆயினும் மூலையில் மேசையும் கணினியும், மின்சாரம் நின்றாலும் வேலை தடைப்படாதிருக்க ஒரு மின்கலமும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அவ்வீட்டு மகன் கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு, நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தவாறே பணிபுரிகிறார். இப்போது வேறொரு நிறுவனம் அவரை அழைத்துள்ளது. ஊதியம் கூட, பதவியும் உயர்ந்தது. ஆனால் வாரத்தின் ஐந்து நாள்களும் கொழும்பு அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்பது நிபந்தனை.

மகன் வாய்திறக்குமுன் தாயார் தொடங்கினார்: “இருபத்தேழு வருசம் ஆற்றையோ காணியில இருந்தனாங்கள் சுவாமி. இப்பதான் சொந்த மண்ணில ஒரு வீடு. பிள்ளை இல்லாத வீடு எனக்கு என்னத்துக்கு?” கடற்றொழிலாளியான தந்தையாரோ, “கரையில நிண்டுகொண்டு கடலைப் படிக்கேலாது. போகட்டும்” என்றார். இருவரும் என் முகத்தைப் பார்த்தனர்.

தாயாரின் சொல்லை வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990 ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்ட அம்மண்ணில், துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3 அன்றுதான் விடுவிக்கப்பட்டன. எஞ்சிய காணிகள் சிறிது சிறிதாகவே விடப்பட்டு வந்தன. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளைகளையும் பெற்றுவிட்டது. இத்தகைய ஊரில், படித்த பிள்ளையொன்று வீட்டிலிருந்தே உழைக்க முடிகிறது என்பது, மீண்ட மண்ணில் மக்கள் தங்குவார்களா என்ற கேள்வியோடு பிணைந்தது.

வீட்டிலிருந்து பணிபுரிதல் நம் நாட்டில் விரும்பி ஏற்ற வழக்கமன்று. இடர்களின் கையால் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்டோம்; அவ்வாண்டு ஜூனில் எரிபொருள் இன்மையால் அரச ஊழியருக்கும் வீட்டிலிருந்து பணிபுரியுமாறு பணிக்கப்பட்டது. இடர் தணிந்தபின் நிறுவனங்கள் ஊழியரை மீண்டும் அழைக்கலாயின. இந்தியாவின் டிசிஎஸ் நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்தும், அமேசான் நிறுவனம் 2025 ஜனவரியிலிருந்தும் ஐந்து நாள் வருகையை வேண்டின.

எது நல்லது? கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே சீனாவின் ஷாங்காய் நகரில் சீட்ரிப் என்னும் பயண நிறுவனம் இதனைச் சோதித்துப் பார்த்தது. தொலைபேசிப் பணியாளரில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதங்கள் வீட்டிலிருந்து பணிபுரிந்தனர். 2015இல் வெளிவந்த அதன் ஆய்வறிக்கையின்படி, அவர்களது வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே அளவு திறம்பட உழைத்தும், பதவி உயர்வு பெறும் வாய்ப்பு அலுவலகத்தில் இருந்தோரைவிட அவர்களுக்கு ஏறத்தாழப் பாதியே. கண்ணில் படாதவர் கருத்திலும் படுவதில்லை போலும்! சோதனை முடிந்து விருப்பம் கேட்கப்பட்டபோது, வீட்டிலிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். முக்கிய காரணம் தனிமை.

இதைச் சொன்னதும் அந்த இளைஞர் தலை குனிந்தார். “அதுதான் ஃபாதர். அம்மாவுக்கு நான் சொல்லயில்லை. சில நாளில ஒரு மனுசரோடையும் வேலைக்கதை கதைக்காமலே நாள் முடிஞ்சு போகும்.” தாயார் அதுவரை இதனை அறிந்திருக்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடல், உழைப்பின் அளவுகோல் உழைக்கும் மனிதரே என்று வலியுறுத்துகிறது. அம்மனிதர் மேசையில் வாடுகிறாரா, வளர்கிறாரா என்று பார்க்காமல் ஊதியத்தை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

முடிவெடுக்கும் முறையைப் பற்றிப் புனித இஞ்ஞாசியாரைவிடத் தெளிவாகச் சொன்னவர் குறைவு. 1548இல் அச்சேறிய அவரது ஆன்மீகப் பயிற்சிகளில், மனம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றலாகாது என்கிறார். தனிமையின் வெறுப்பில் பதவி விலகல் கடிதம் எழுதுவோருக்கு இது எத்துணை பொருத்தம்! முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு நாம் என்ன ஆலோசனை கூறுவோம் என்று எண்ணிப் பார்க்கவும், சாவின் தறுவாயில் எதைத் தெரிந்திருக்க விரும்புவோம் என்று கேட்கவும் சொல்கிறார். நன்மை தீமைகளை எதிரெதிரே நிறுத்தி நிறுத்துப் பார்ப்பதும் அவர் காட்டும் வழியே.

அன்று நாமும் ஒரு கொப்பித்தாளில் எழுதினோம். கொழும்பு அறை வாடகை, கடைச் சாப்பாடு, பயணச் செலவு ஆகியவற்றைக் கழித்தபோது உயர்ந்த ஊதியத்தில் எஞ்சியது வெகு சொற்பம்! ஆகவே பணத்துக்காகப் போவதாயின் போகவேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் மூத்தவர்களின் அருகிலிருந்து தொழிலைக் கற்பது தாளில் எழுதி மாளாதது. தந்தையாரும் தன் முதல் வலையைத் தனியே வீசக் கற்கவில்லையே. வயது இருபத்தாறு, பெற்றோர் நலமாக உள்ளனர், தங்கை வீட்டில் இருக்கிறார். முதுமையுற்ற பெற்றோரைத் தனியே விட்டுப்போக நேர்ந்திருந்தால் என் ஆலோசனை வேறாக இருந்திருக்கும். போவதே நலம் என்று எனக்குப் பட்டது, ஆனால் நிபந்தனையோடு. மாதத்தில் ஒரு வாரமேனும் ஊரிலிருந்து பணிபுரிய இடமுண்டா எனக் கேட்டு, கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்குமாறு சொன்னேன். வாய்ச்சொல் மேலாளர் மாறும்போது மாறிவிடும்.

நிறுவனம் ஒரு வாரம் தர இசையவில்லை. மூன்று நாள்கள் தந்தது. இளைஞர் மறு மாதம் இரவுப் பேருந்தில் புறப்பட்டார். மூலையிலிருந்த மேசையைத் தையல் இயந்திரம் வைக்க எடுத்துக்கொள்ளலாமே என்று தங்கை கேட்டபோது, தாயார் இடங்கொடுக்கவில்லை. இணைய இணைப்புக்கான கட்டணத்தையும் அவரே மாதந்தோறும் தவறாமல் கட்டி வருகிறார்.